ஒரே வீட்டில் இரண்டு கர்ப்பிணிகள்: யாருக்கு எத்தனை கிலோ ஏறணும்?

சேலம் குகையிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள், இரண்டு பேரும் முழுகாமல் இருக்கிறீர்கள். நீங்கள் சின்னவர், 154 செ.மீ. உயரம், கர்ப்பத்துக்கு முன்னால் 68 கிலோ, இப்போது 22 வாரத்தில் 74. பெரியவர் ஏற்காட்டுப் பக்கம் மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர், 150 செ.மீ., முன்பு 40 கிலோ, இப்போது 24 வாரத்தில் 43. ஊருக்கு வரும் செவிலியர் அவரிடம் "இன்னும் நல்லா சாப்பிடணும்" என்கிறார், உங்களிடம் "கொஞ்சம் பார்த்துச் சாப்பிடுங்க" என்கிறார். அத்தைக்கு இது ஓரவஞ்சனையாகப் படுகிறது. ஒரே அடுப்பில் வெந்த சோறு, இரண்டு பேர் வயிற்றிலும் பிள்ளை, ஒருத்திக்கு ஒரு பேச்சு இன்னொருத்திக்கு ஒரு பேச்சா என்று கேட்கிறார். நீங்கள் போனில் ஏதோ ஒரு ஆப்பில் எடையைப் போட, அது பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 31 என்று காட்ட, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்ச வருஷம் சேர்வராயன் மலையில், மீதி வருஷங்கள் கீழே சேலத்தைச் சுற்றி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் செவிலியர் சொன்ன இரண்டு பேச்சுமே சரிதான். ஏன் என்று விளக்கமாகச் சொன்னால் அத்தைக்கும் புரியும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

முதலில் அந்த 31 தப்பு, அதைத் தூக்கிப் போடுங்கள். கர்ப்பத்தில் பிஎம்ஐ கணக்குப் போடுவது இன்றைய எடையை வைத்து இல்லை, கர்ப்பத்துக்கு முன்னால் இருந்த எடையை வைத்து. அது தெரியாதவர்கள் முதல் 12 வாரத்துக்குள் பார்த்த எடையை எடுத்துக்கொள்ளலாம், அதற்குள் பெரிதாக மாறியிருக்காது. இன்றைய 74 கிலோவில் குழந்தை இருக்கிறது, நஞ்சுக்கொடி இருக்கிறது, பனிக்குடத் தண்ணீர் இருக்கிறது, கூடுதலாக ஊறிய ரத்தம் இருக்கிறது. இதையெல்லாம் உங்கள் உடம்புக் கொழுப்பு என்று கணக்கில் சேர்த்தால் எண் எப்படிச் சரியாக வரும்? கணக்கு ரொம்ப எளிது. உயரத்தை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்க வேண்டும், வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். உங்களுக்கு 1.54 பெருக்கல் 1.54 என்றால் 2.37, 68-ஐ அதால் வகுத்தால் 28.7. பெரியவருக்கு 1.5 பெருக்கல் 1.5 என்றால் 2.25, 40-ஐ வகுத்தால் 17.8. ஆக ஒரே வீட்டில் ஒருவர் 17.8-ல் ஆரம்பித்திருக்கிறார், இன்னொருவர் 28.7-ல் ஆரம்பித்திருக்கிறார். இந்த இரண்டு எண்ணுக்கும் ஒரே அறிவுரை சொல்லியிருந்தால்தான் நான் அந்தச் செவிலியரைக் குறை சொல்லியிருப்பேன்.

இப்போது எத்தனை கிலோ ஏறணும் என்பதற்கு வருவோம். உலகம் முழுக்க டாக்டர்கள் எடுத்துப் பார்க்கிற அட்டவணை அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1990-ல் போட்டு, 2009-ல் திருத்தியது. முன் பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தால் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ ஏறலாம். 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5. 30-ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ. இது வயிற்றில் ஒரு குழந்தை இருப்பவர்களுக்கு. இரட்டை என்றால் கணக்கே வேறு, சாதாரண எடைக்காரருக்கு 17 முதல் 25 கிலோ வரை போகும், அதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் அரசுக் கையேடுகளில் பொதுவாக 9 முதல் 11 கிலோ என்று ஒரே எண்தான் இருக்கும், மூன்று மாதத்துக்கு அப்புறம் மாதம் 2 கிலோ என்று. பல பேர் மனதில் பதிந்திருப்பதும் அதுதான். கூட்டமாக வரும் பெண்களுக்குச் சட்டென்று சொல்ல அது வசதியான எண். ஆனால் 40 கிலோவில் ஆரம்பித்தவருக்கு 9 கிலோ போதவே போதாது, 75 கிலோவில் ஆரம்பித்த ஒரு குள்ளமான பெண்ணுக்கு 11 கிலோ அதிகமாகிவிடும். அதனால்தான் பிஎம்ஐ பார்த்துச் சொல்வது நல்லது என்று அடித்துச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அந்த அட்டவணையின் எல்லைகள் உலகப் பொது எல்லைகள். நம் நாட்டு உடம்பு வேறு மாதிரி. பார்க்க ஒல்லியாக இருப்போம், ஆனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும், சர்க்கரையும் சீக்கிரம் வரும். அதனால் ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009-ல் கூடி 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று வைத்துக்கொண்டார்கள். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது 52 கிலோவுக்குச் சற்றுக் கீழே, 25 என்பது 56 கிலோ. நம் தெருவில் 56 கிலோ பெண்ணை யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள், "பூசினாப்ல இருக்கா" என்றுதான் சொல்வார்கள், ஆனால் சர்க்கரைப் பரிசோதனையில் அந்தப் பெண்ணை நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். அந்த அமெரிக்க அட்டவணை இந்த எல்லைகளுக்கு ஏற்ப எழுதப்பட்டதில்லை, எனவே அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, 23-க்கு மேல் இருப்பவர்கள் தங்களுக்கான வரம்பின் கீழ்ப்பாதியைக் குறி வைத்தால் போதும் என்பது என் கருத்து.

ஏறுகிற எடை எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். நல்ல எடையில் இருக்கும் பெண்ணுக்குப் பன்னிரண்டு கிலோ ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல். பனிக்குடத் தண்ணீர் முக்கால் கிலோவுக்கு மேல். கர்ப்பப்பை ஒரு கிலோ அளவுக்கு வளர்கிறது. மார்பு அரை கிலோ. ரத்தம் ஒன்றேகால், ஒன்றரை கிலோ கூடுகிறது, உடம்பில் தேங்கும் நீரும் அதே அளவு. இதையெல்லாம் கூட்டினால் எட்டரை, ஒன்பது கிலோ வந்துவிடும். மீதி மூன்று கிலோவுக்கு மேல் அம்மாவின் உடம்பில் கொழுப்பாகச் சேர்கிறது, பால் கொடுக்கும் மாதங்களுக்கான சேமிப்பு அது. இப்போது யோசித்துப் பாருங்கள். உங்களிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் உங்கள் உடம்பு புதிதாகச் சேர்க்க வேண்டிய கட்டாயம் குறைவு. பெரியவரிடம் சேமிப்பே இல்லை, அவர் குழந்தைக்கும் சேர்க்க வேண்டும், தனக்கும் சேர்க்க வேண்டும். அத்தையிடம் இதை இப்படியே சொல்லுங்கள். ஒரு பானையில் முக்கால்வாசி அரிசி இருக்கிறது, இன்னொன்று காலி, இரண்டையும் நிரப்ப ஒரே அளவு அரிசி போதுமா என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தை முதலில் முடிக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் யாருக்கும் அரை கிலோ முதல் 2 கிலோ வரைதான் ஏறணும், மசக்கை அதிகமானவர்களுக்கு ஏறாமலே போவதும் உண்டு, சிலருக்குக் குறையவும் செய்யும். அதற்கப்புறம் உங்கள் பிஎம்ஐக்கு வாரம் 280 கிராம் அளவில், அதாவது மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். அந்தக் கணக்கில் 22 வாரத்தில் மூன்று, நான்கு கிலோ, அதிகபட்சம் 5 கிலோ ஏறியிருக்கலாம். உங்களுக்கு 6 ஏறியிருக்கிறது. ஒரு கிலோ கூடுதல், அவ்வளவுதான். இனி 18 வாரம் இருக்கிறது, வாரம் 280 கிராம் வீதம் போனால் இன்னும் 5 கிலோ, மொத்தம் 11 கிலோ. வரம்புக்குள்ளேயே முடிந்துவிடும். இதற்காகவா தூங்காமல் இருந்தீர்கள்?

ஆனால் ஒன்று, ஏறிவிட்டதே என்று பட்டினி கிடக்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டை விடுவது, சோற்றை அடியோடு நிறுத்துவது, எடை குறைக்கிற பொடி, கஷாயம் என்று யாரோ சொன்னதைக் குடிப்பது எதுவும் கூடாது. கர்ப்பத்தில் எடை குறைக்கிற வேலை கிடையாது, ஏறும் வேகத்தை நிதானப்படுத்துகிற வேலை மட்டும்தான். வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் இருந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் கீட்டோன் சேரும், குழந்தைக்கு அது நல்லதில்லை. 7 கிலோவில் நிறுத்தணும் என்று இப்போது வைராக்கியம் வைப்பதிலும் அர்த்தமில்லை, 10, 11-ல் முடித்தால் அதுவே நல்ல முடிவு.

நீங்கள் ஒரு நாள் சாப்பிடுவதை எழுதியிருந்தீர்கள், அதைப் பார்த்தேன். சாப்பாட்டில் பெரிய குறை இல்லை. இடையில் வருவதுதான் பிரச்சனை. நாளுக்கு நாலு டம்ளர் காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதில் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. சாயங்காலம் தட்டுவடை செட், ஞாயிற்றுக்கிழமை ஜவ்வரிசிப் பாயசம், மாம்பழக் காலத்தில் மல்கோவா ஜூஸ். தட்டுவடை செட்டைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எனக்கு மனசு வராது, சேலத்தில் பிறந்து அதைச் சாப்பிடாமல் எப்படி இருப்பது, காரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் அதில் இருக்கிறது, வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், தினமும் வேண்டாம். ஜவ்வரிசியை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். நம் மாவட்டமே மரவள்ளிக்கிழங்காலும் ஜவ்வரிசியாலும் பிழைக்கிறது, ஆனால் அது முழுக்க முழுக்க மாவுச்சத்து, 100 கிராமில் 350 கலோரி அளவுக்கு இருக்கும், புரதம் ஒன்றும் இல்லை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று கர்ப்பிணிக்குத் தினமும் காய்ச்சிக் கொடுக்கிறார்கள், அது எடையை மட்டும்தான் ஏற்றும். மாம்பழத்தைப் பழமாக நாலு துண்டு சாப்பிடுங்கள், ஜூஸ் போட்டால் இரண்டு பழம் போனதே தெரியாது.

காபியை இரண்டு சின்ன டம்ளராகக் குறையுங்கள், சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்குங்கள். நாளுக்கு 200 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம், இரண்டு டம்ளர் என்றால் அநேகமாக அதற்குள் இருக்கும். அப்புறம் உங்கள் வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்குக் கண்ணி கோக்கிறீர்கள், காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியம்தான் எழுந்திருக்கிறீர்கள். கால் வீக்கத்துக்கும் அது ஒரு காரணம். டாக்டர் நடக்கக் கூடாது என்று எதுவும் சொல்லாத பட்சத்தில் நாளுக்கு அரைமணி நேரம் நடங்கள், ஒரே மூச்சில் வேண்டாம், காலையில் பதினைந்து நிமிடம், சாப்பிட்ட பிறகு சாயங்காலம் பதினைந்து நிமிடம். பேச முடிகிற வேகத்தில் நடந்தால் போதும். வேலையில் முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடமாடுங்கள்.

சர்க்கரைப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. எடை அதிகமாக ஆரம்பித்தவர்களுக்கு இது எடையைவிட முக்கியம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. முதல் முறை போகும்போதே ஒருமுறை, அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை. சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் இதற்காகப் பல வருஷம் உழைத்ததால் 2007-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று அரசு கொண்டுவந்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாடு முழுக்க வைத்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். உங்களுக்கு 22 வாரம், இன்னும் இரண்டு வாரத்தில் போய் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

சரி, இப்போது பெரியவர். உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது உங்கள் 74 இல்லை, அவருடைய 43.

17.8-ல் ஆரம்பித்தவருக்கு மூன்று மாதத்துக்கு அப்புறம் வாரம் அரை கிலோ ஏறணும். 24 வாரத்தில் குறைந்தது 5 கிலோ ஏறியிருக்க வேண்டும், 6, 7 ஏறியிருந்தால் நன்றாக இருக்கும். அவருக்கு 3 தான். உங்கள் வீட்டில் "அவ கஷ்டப்படாம ஒல்லியா அழகா இருக்கா" என்று பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சு நிற்கணும். அம்மாவுக்கு எடை ஏறாவிட்டால் குழந்தை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கலாம், நாள் முடியும் முன்பே பிறக்கலாம், பால் குடிக்கத் தெம்பில்லாமல், உடம்புச் சூடு தங்காமல், தொற்று எளிதில் வந்து, முதல் மாதமே போராட்டமாகிவிடும். எடை அதிகமாக ஏறினால் வரும் தொல்லைகளும் உண்மைதான், குழந்தை பெரிதாகி சிசேரியன் ஆகலாம், பிரஷர், சர்க்கரை வரலாம், பிரசவத்துக்குப் பின் ஏறிய எடை அப்படியே தங்கிவிடும். ஆனால் எடை குறைந்த பெண்ணின் விஷயத்தில் நமக்கு நேரம் குறைவு. 16 வாரம்தான் இருக்கிறது. வாரம் அரை கிலோ வீதம் இனி ஏறினால் 8 கிலோ, மொத்தம் 11. நன்றாகக் கவனித்தால் 12-ஐத் தொடலாம். அது போதும், குழந்தைக்கு அதுவே பெரிய மாற்றம்.

ஏன் ஏறவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கணும். சாப்பாடு மட்டும் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்து மாதம் தாண்டியும் வாந்தி நிற்கவில்லையா, ரத்தம் எவ்வளவு இருக்கிறது (கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறையக் கூடாது), தைராய்டு பார்த்தார்களா, நாள்பட்ட இருமல், சாயங்காலக் காய்ச்சல் ஏதாவது உண்டா, இதெல்லாம் டாக்டர் பார்க்கணும். மலையிலும் தோட்டத்திலும் செருப்பில்லாமல் நடந்து வளர்ந்தவர்களுக்குக் கொக்கிப்புழு இருப்பது சகஜம், அது ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. மூன்று மாதம் முடிந்த பிறகு ஒரு பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், கொடுத்தார்களா என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை தினமும் ஒன்று, கால்சியம் மாத்திரை இரண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு ஒட்டாது, கால்சியத்தைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு போட்டுவிட்டு, இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடச் சொல்லுங்கள். காபி, டீயோடு போடவே கூடாது. மலையில் காலையில் எழுந்ததும் வரக்காப்பி, பசித்தால் வரக்காப்பி, வேலை முடிந்தால் வரக்காப்பி என்று பழகியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பசியையும் கொல்லும், இரும்பையும் தடுக்கும். அவருக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் மெல்லக் குறைக்கணும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அவரே வாய் திறந்து சொல்ல மாட்டார். நான் மலையில் வேலை பார்த்தபோது ஒரு பெண், ஏழாவது மாதத்தில் எடை ஏறவே இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீடு. தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான் சொன்னாள், நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிசாகி மாட்டிக்கொள்ளும், ராத்திரியில் ஜீப் கிடைக்காது, மலை இறங்குவதற்குள் செத்துவிடுவேன் என்று. அவளுடைய பாட்டி காலத்திலிருந்து வரும் பயம் அது. அதை முட்டாள்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ஊரில், ஆம்புலன்ஸ் இல்லாத காலத்தில், அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் பட்டினி கிடந்தால் முதலில் மெலிவது அம்மா, அடுத்து குழந்தையின் சதையும் கொழுப்பும். இடுப்பு எலும்பின் அளவு அதனால் மாறப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே கீழே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தோம். அன்றைக்கே அவள் சாப்பிட ஆரம்பித்தாள். உங்கள் அக்காவிடமும் தனியாக, அத்தை இல்லாதபோது, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், என்ன பயம் என்று. வளைகாப்பு முடிந்து மலைக்குத் தாய்வீடு போகிறாரா? போனால் பிரசவத் தேதிக்கு முன்னாலேயே இறங்கி வர என்ன வழி என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு 350 கலோரி என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. புரதம் நடு மூன்று மாதத்தில் கூடுதலாக 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம். "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்பதைப் பலர் இரண்டு தட்டுச் சோறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 350 கலோரி என்பது இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். உங்களுக்கு அதுவே தாராளம். பெரியவர் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிட்டு வந்தவர் என்பதால் அவருக்கு இதற்கு மேலேயும் வேண்டும்.

ஒல்லியானவர்களுக்கு வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் ஒரே நேரத்தில் தட்டு நிறையப் போட்டு மிரட்டக் கூடாது. ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்தோ வறுத்தோ, வெல்லத்தோடு. 30 கிராம் கடலையில் 170 கலோரி, 7 கிராம் புரதம், இந்த விலைக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. ராகிக் களியோ கூழோ, 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. மலையில் பிறந்தவருக்குச் சாமைச் சோறு பிடிக்கும், பழக்கமான ருசி கிடைத்தால் பசியும் எடுக்கும், அவருக்காக ஒருநாள் சாமை பொங்கிப் பாருங்கள். அரிசிம்பருப்புச் சோற்றில் பருப்பை இரண்டு மடங்காக்கி ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். முருங்கைக்கீரையை முட்டையோடு பொரியுங்கள். கொள்ளு சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது என்று அத்தை சொல்வார், வாரம் ஒருநாள் கொள்ளு ரசம் வைப்பதால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம், துவரையும் பாசிப்பயறும் இருக்கிறதே. கறி, மீன் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் இரண்டு நாள் மீன் கொடுங்கள்.

அங்கன்வாடியில் சத்துமாவு இரண்டு பேருக்கும் தருவார்கள். வாங்கி வந்து மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிற வீடுகளைப் பார்த்து நான் பல தடவை அழாத குறையாகப் பேசியிருக்கிறேன். பெரியவருக்கு அதைப் பாலில் காய்ச்சி வெல்லம் போட்டுத் தினமும் கொடுங்கள். உங்களுக்கு அதையே காலைப் பலகாரத்துக்குப் பதிலாக, இனிப்பில்லாமல், கூடுதலாக இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு தடவை வரும், மாவு, பேரீச்சம்பழம், நெய் எல்லாம் இருக்கும். இரண்டு பெட்டகமும் வீட்டுக்கு வந்தால் நெய்யும் பேரீச்சம்பழமும் பெரும்பாலும் பெரியவருக்குப் போகட்டும், நீங்கள் பேரீச்சம்பழம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் எண்) பதிந்திருந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும், பதிந்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை வேண்டும். வாரம் ஒருநாள், ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், லேசான உடையில். ஆஸ்பத்திரித் தராசு ஒன்று காட்டும், மருந்துக்கடைத் தராசு ஒன்று காட்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒரே வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது என்று பதறி வந்தவர்கள் உண்டு. நம் ஊரில் இன்னொன்று, கால் கிலோ கொலுசைக் காலில் போட்டுக்கொண்டு ஏறுவது. கழற்றிவிட்டு ஏறுங்கள், இல்லையென்றால் எப்போதும் போட்டுக்கொண்டே ஏறுங்கள். ஒரு வாரம் ஏறாமல் இருந்தால் பரவாயில்லை, அடுத்த வாரம் சேர்த்து ஏறும். நாலு வாரத்தைச் சேர்த்துத்தான் பார்க்கணும்.

ஆனால் திடீரென்று ஏறினால் அது சாப்பாட்டால் ஏறுகிற எடை இல்லை. ஒரு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கைவிரல்களும் வீங்கி, மோதிரம் கழலாமல், தலைவலி விடாமல், கண் மங்கி, மேல்வயிறு வலித்தால் அது நீர் கோத்த எடை, பிரஷர் ஏறியிருக்கலாம். 140/90-ஐத் தொட்டாலே டாக்டர் பார்க்கணும். "புள்ளத்தாச்சிக்கு நீர் கோக்கறது சகஜம்தான்" என்று வீட்டில் சொல்வார்கள், சாயங்காலம் பாதம் மட்டும் லேசாக வீங்கிக் காலையில் வற்றினால் சகஜம், முகம் வீங்கினால் சகஜம் இல்லை. ராத்திரி என்றும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் எடையில் ஆரம்பித்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஒல்லியாக இருப்பதால் பெரியவருக்கு வராது என்றும் இல்லை.

ஒரே அடுப்பில் சமைத்து இரண்டு தட்டில் பரிமாறுவது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். குழம்பும் காயும் பருப்பும் ஒன்றாகவே வைக்கலாம், தனித்தனியாகச் சமைக்க வேண்டியதே இல்லை. உங்கள் தட்டில் முதலில் காயும் கீரையும் பாதித் தட்டு, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால் தட்டுச் சோறு. பெரியவர் தட்டில் சோறும் பருப்பும் அதிகம், மேலே நெய், பக்கத்தில் முட்டை, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் பால். உங்களுக்கும் பால் வேண்டும், சர்க்கரை போடாமல். ஏழாவது மாத வளைகாப்பில் ஏழு வகைச் சோறு வைப்பார்கள், அன்றைக்கு நீங்கள் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி ருசித்துச் சாப்பிடுங்கள், ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடாது.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு நோட்டில் வாரமும் எடையும் எழுதி வையுங்கள், பெரியவர் நோட்டில் ஹீமோகுளோபினையும் சேர்த்து. பெரியவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, "24 வாரத்தில் 3 கிலோதான் ஏறியிருக்கிறது, குழந்தை வளர்ச்சி எப்படி இருக்கிறது" என்று இதே வார்த்தையில் கேளுங்கள், ஸ்கேன் வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். உங்கள் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணையும், இரண்டு பேருடைய அடுத்த நாலு வார எடையையும் எனக்கு எழுதுங்கள்.